பெரிநாயகி

ரேஷன் அட்டையில் அம்மாவின் பெயரில்
ஓர் எழுத்து இல்லை.
பெரிநாயகி என்று அச்சாகியிருந்தது.
திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் வைத்த பெயர்.
தாலுகா ஆபீஸ் போய்த் திருத்தணும்
என்று மாதாமாதம் சொல்வாள்.
மழை விடட்டும், பரீட்சை முடியட்டும்,
தென்னவன் பால் மறக்கட்டும்.

ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சல்.
மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது
அவளே தூக்கிவந்த ஒயர்கூடையை
திரும்பும்போது நான் மடியில் வைத்திருந்தேன்.
எனக்குப் பன்னிரண்டு.
அவளுக்கு முப்பத்து மூன்று.

காரியம் முடிந்த மறுநாள் பெரியப்பா
அட்டையில் பேரை எடுக்கணும் என்றார்.
அப்பா மின்வாரியத்தில் லைன்மேன்,
கம்பத்தின் மேலிருந்து கத்துவதைத் தவிர
அதிகம் பேசாதவர்.
அன்றைக்குப் பேசினார்.
"செத்தது பெரியநாயகி.
இதுல இருக்கறது பெரிநாயகி.
அவ வேற யாரோ. இருந்துட்டுப் போகட்டும்."

அவள் இருந்தாள்.
ஆளுக்கு அரை கிலோ சர்க்கரை,
நாலு பேருக்கு இரண்டு கிலோ.
கடையில் ஞானப்பிரகாசம் எடை போடுவார்.
முதுநகரில் எங்கள் தெருதான்,
அம்மாவின் பாடையைத் தூக்கிய நால்வரில் ஒருவர்.
அட்டையைப் பார்ப்பார்,
என்னைப் பார்ப்பார்,
இரண்டு கிலோ போடுவார்.
ஒவ்வொரு ஜனவரியிலும் புது உள்தாளை
அவரே ஒட்டித் தருவார்,
பசை காயும்வரை ஊதி ஊதி.

ஒன்றரை கிலோ டப்பாவுக்கு.
மிச்ச அரை கிலோ ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு.
யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.
மாதத்தின் முதல் ஞாயிறு
அப்பா அதில் கேசரி கிண்டுவார்.
முதல் வருஷம் முழுக்க
அதில் கரண்டியை நட்டுவைக்கலாம்.
தின்றோம்.
அஸ்கா சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை,
அம்மா சர்க்கரை என்று
மூன்று வகை சொல்வான் தென்னவன்,
அவள் முகம் மறந்துபோன பிறகும்.

தானே புயல் அடித்த மார்கழியில்
அப்பா இருபத்திரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை.
மாவட்டம் முழுக்கக் கம்பங்கள் படுத்துக் கிடந்தன.
பாதிக் கூரை போன சமையலறையில்
அடுப்பு நனைந்து கிடக்க
நானும் அவனும் பொட்டுக்கடலையோடு கலந்து
அம்மா சர்க்கரையை
இருட்டில் தின்றே தீர்த்தோம்.
நீர் கோத்து அடியில் ஒட்டியதை
ஸ்பூன் காம்பால் சுரண்டினோம்.
அப்பா வந்தார்,
உள்ளங்கை இரண்டும் வெடித்து.
காலி பாட்டிலைப் பார்த்தார்.
"அதுக்குத்தான வாங்குனது" என்றார்.
அப்புறம் பின்பக்கம் போய்
வெகுநேரம் கை கழுவினார்.

பிறகு ஸ்மார்ட் அட்டை வந்தது.
ஆளுக்கொரு ஆதார் எண் கேட்டார்கள்.
பெரிநாயகிக்கு எண் இல்லை.
பெரியநாயகிக்கும் இல்லை.
தென்னவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெருக்கிப் பார்த்தான்.
எழுபத்தெட்டு மாதம், முப்பத்தொன்பது கிலோ.
"கவர்மெண்ட்ட இவ்ளோ ஏமாத்தியிருக்கோம்பா"
என்றான் பெருமையாக.
அப்பா சிரித்தார்.
சத்தமில்லாமல், ஆனால் சிரித்தார்.

கடையில் புது மெஷின் கீச்சென்றது.
ஞானப்பிரகாசம் அதைத் தட்டினார்,
திருப்பிப் பார்த்தார்,
மறுபடி தட்டினார்.
"மூணுதான் காட்டுது சிங்காரம்" என்றார்,
பேரை எடுத்தது அவர்தான் என்பதுபோல.
ஒன்றரை கிலோவை நிறுத்துக் கொட்டிவிட்டு
மூட்டைக்குள் கைவிட்டு
ஒரு பிடி அள்ளினார்.
அப்பா பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.
"வேணாம் ஞானம்."
கை கொஞ்சநேரம் அங்கேயே நின்றது,
விரலிடுக்கில் சர்க்கரை உதிர உதிர.

இப்போது அந்த பாட்டிலில்
ஃபியூஸ் கம்பி போட்டு வைத்திருக்கிறார்.
கரண்ட் போகும் இரவுகளில்
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
எறும்பைத் தட்டிவிட்டுத்தான்
கம்பியை எடுக்கிறார்.
கழுவித் தரட்டுமா என்றால்
வேண்டாம் என்று தலையாட்டுகிறார்.
வெளிச்சம் சுவரில்
இடமும் வலமும் போய் வருகிறது.